350 ரூபாய் மழை பேன்ட்டும் ஒரு குளிர்ந்த ஏரியும்: எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே பிடிக்கக் கூடாது?



போன ஏப்ரல்ல ஒரு ஞாயித்துக்கிழமை காலைல, டொரன்டோவுல படிக்கிற என் அக்கா பையன்கிட்ட இருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். "மாமா, மே முதல் வாரம் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சேர்ந்து ஏரியில கயாக்கிங் போறோம்ங்க. தண்ணி ஜில்லுனு இருக்குமாம், வாட்டர்ப்ரூஃப் பேன்ட் கட்டாயம் வேணும்ங்கறாங்க. இங்க ஒண்ணு 450 டாலர் போட்டிருக்கான். நம்ம திருப்பூர்லயே தெச்சு அனுப்ப முடியுங்களா?"

கயாக்னா ஒருத்தரோ ரெண்டு பேரோ உட்கார்ந்து, ரெண்டு முனையிலயும் பட்டை இருக்கற துடுப்பால ஓட்டற சின்னப் படகு. முட்டுக்காடு பக்கம் போனவங்க பார்த்திருப்பீங்க.

டாலருக்குத் தோராயமா 60 ரூபாய்னு வெச்சா, அந்த பேன்ட் 27,000 ரூபாய். பையன் படிக்கறதே எஜுகேஷன் லோன்ல. 15 வருஷம் பனியன் கம்பெனியில மெர்ச்சண்டைசரா இருந்த மாமன் நான் இருக்கறப்ப, ஒரு பேன்ட்டுக்கு 27,000 ரூபாயா? "நீ ஒண்ணும் வாங்காத கண்ணு, நான் பார்த்துக்கறேன்"னு பதில் அனுப்பிட்டேன்.

அந்த பதில்தான் இந்தக் கதையில நான் பண்ண முதல் தப்பு. எங்க தப்பு பண்ணேன், கடைசியில எவ்வளவு செலவாச்சு, அதுல இருந்து நம்ம பைக் மழை பேன்ட் வரைக்கும் என்ன கத்துக்கலாம்னு பார்க்கலாம் வாங்க.

"படகு கவுந்தா?"

மறுநாளே 350 ரூபாய்க்கு ஒரு பிவிசி மழை பேன்ட் வாங்கிட்டேன். குன்னத்தூர்ல இருந்து பெருமாநல்லூர் வழியா திருப்பூருக்கு பைக்ல போய் வர்றவன் நான். ஐப்பசி, கார்த்திகை மழையில இந்த மாதிரி பேன்ட்தான் எனக்குத் துணை. எனக்கு ஆகறது அவனுக்கு ஆகாதான்னு ஒரு நினைப்பு.

பார்சல் போடறதுக்கு முன்னாடி, வெளிநாட்டு அவுட்டோர் பிராண்டுகளுக்கு குவாலிட்டி பார்த்த ஒரு பழைய நண்பர்கிட்ட காட்டினேன். பேன்ட்டை உள்பக்கம் திருப்பிப் பார்த்தாரு. அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டாரு: "இது சரிதான், படகு கவுந்தா?"

என்கிட்ட பதில் இல்லை. நான் யோசிச்சதெல்லாம் மேல இருந்து விழற மழையை. பையன் உட்காரப் போறது தண்ணிக்கு ஒரு சாண் மேல. அவன் கயாக் ஓட்டறது அதுதான் முதல் தடவை. கவுறறதுக்கு வாய்ப்பு நல்லாவே இருக்கு.

திருப்பூர்ல ஏன் தெச்சு அனுப்ப முடியாது?

இது நம்ம ஊருக்காரங்க எல்லாரும் கேக்கற கேள்வி. உலகத்துக்கே துணி தைக்கிற ஊரு, ஒரு பேன்ட் தைக்க முடியாதா?

முதல் விஷயம், நம்மது பின்னலாடை. நூலை வளையம் வளையமாக் கோத்து வர்ற துணி. அது இழுத்தா இழுபடும், காத்து போகும், தண்ணியும் போகும். வாட்டர்ப்ரூஃப் பேன்ட்டுக்கு வேணுங்கறது நெருக்கமா நெஞ்ச நைலான் அல்லது பாலியெஸ்டர். அதுக்கு உள்பக்கம் பியூ கோட்டிங் இருக்கும், இல்லைன்னா மெம்ப்ரேன்னு சொல்ற மெல்லிய சவ்வு ஒட்டியிருக்கும். கோர்-டெக்ஸ் அந்த மாதிரி சவ்வுதான். நான்-ஸ்டிக் தவாவுல பூசற அதே டெஃப்லான் வகைப் பொருளை, 1969-ல பாப் கோர்ங்கற அமெரிக்கர் வெடுக்குனு இழுத்து விரிச்சப்ப கிடைச்சது. தண்ணித்துளி உள்ள வராது, வேர்வையோட ஆவி வெளிய போகும்.

ரெண்டாவது விஷயம், தையல். இங்கதான் தொழில் தெரிஞ்சவனே ஏமாந்துடுவான். ஒரு இன்ச்சுக்கு 10 தையல்னு வெச்சுக்கங்க. கால் உள்பக்கம், வெளிப்பக்கம், தொடை இடுக்கு எல்லாம் சேர்ந்து ஒரு பேன்ட்டுல சுமார் 160 இன்ச் தையல் வரும். அதாவது 1,600 ஊசி ஓட்டை. துணி எவ்வளவு ஒசத்தியா இருந்தாலும் இந்த 1,600 ஓட்டையையும் அடைக்கலைன்னா பிரயோஜனம் இல்லை.

இந்தப் பிரச்சனை 200 வருஷப் பழசு. ஸ்காட்லாந்துக்காரர் சார்லஸ் மேக்கின்டாஷ் 1823-ல ரெண்டு துணிக்கு நடுவுல ரப்பரை வெச்சு ஒட்டற முறைக்குக் காப்புரிமை வாங்கினாரு. துணியில தண்ணி நிக்கும். ஆனா தையல்காரங்க குத்தின ஊசி ஓட்டை வழியா கோட்டு ஒழுகும். இப்ப அதுக்கு சீம் டேப்னு ஒரு பட்டை இருக்கு. சூடான காத்தை அடிச்சு, தையல் மேல உருக்கி ஒட்டற தனி மெஷின் வேணும். ஓவர்லாக், ஃபிளாட்லாக் வெச்சு பனியன் தைக்கிற யூனிட்டுக்கு அந்த மெஷின் எதுக்கு? ஒரே ஒரு பேன்ட்டுக்காக துணி வாங்கி, டேப் ஒட்ட ஆள் தேடினா, டொரன்டோ விலையைத் தாண்டிடும்.

லேபிள்ல இருக்கற மி.மீ. கணக்கு

நல்ல மழைத்துணியில 5,000 மி.மீ., 10,000 மி.மீ.னு போட்டிருப்பாங்க. துணி மேல ஒரு குழாயை நிறுத்தி, தண்ணி ஊத்திக்கிட்டே போனா, எவ்வளவு உயரம் வரைக்கும் துணி தாங்குதுங்கறதுதான் அந்த எண். 10,000 மி.மீ.னா 10 மீட்டர் உயரத் தண்ணி. அதாவது ஒரு சதுர சென்டிமீட்டர்ல சுமார் ஒரு கிலோ அழுத்தம்.

மழைத்துளிக்கு இவ்வளவு எதுக்குன்னு தோணும். அழுத்தம் வர்றது மழையால இல்லீங்க, நம்ம உடம்பால. 70 கிலோ ஆள் ஈரத்தரையில முட்டி போடறாருன்னு வைங்க. ரெண்டு முட்டியும் சேர்ந்து தரையைத் தொடற இடம் 70 சதுர சென்டிமீட்டர் இருந்தா, அங்கயே ஒரு கிலோ அழுத்தம் வந்துடுச்சு. கயாக்ல ஏறி இறங்கறப்ப முட்டி போடணும். ஓட்டறப்ப, துடுப்புல இருந்து வடிஞ்ச தண்ணி தேங்கின இடத்துலயே மணிக்கணக்குல உட்காரணும். பைக் சீட்டும் அதே கதைதான். எல்லா மழை பேன்ட்டும் முதல்ல உட்கார்ற இடத்துல ஒழுகறதுக்குக் காரணம் இதுதான்.

குளிர்ந்த தண்ணி உடம்பை என்ன பண்ணும்?

இந்தப் பகுதியைத் தயவு செஞ்சு தாண்டிப் போகாதீங்க. உங்க வீட்டுப் பிள்ளை கனடாவுலயோ, லண்டன்லயோ, ஆஸ்திரேலியாவுலயோ இருந்தா, அவங்களுக்கும் அனுப்புங்க.

தண்ணி, காத்தை விட சுமார் 25 மடங்கு வேகமா உடம்புச் சூட்டை இழுக்கும். 15 டிகிரிக்குக் கீழ இருக்கற தண்ணியில திடீர்னு விழுந்தா, நம்மை அறியாமலே 'ஹக்'குனு ஒரு பெருமூச்சு இழுப்போம். அந்த நொடியில தலை தண்ணிக்குள்ள இருந்தா, இழுக்கறது தண்ணியைத்தான். நல்லா நீச்சல் தெரிஞ்சவங்களும் இப்படித்தான் மாட்டறாங்க.

மனிடோபா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதை 1-10-1னு ஞாபகம் வெச்சுக்கச் சொல்றாரு. ரொம்பக் குளிர்ந்த தண்ணியில, மூச்சைக் கட்டுக்குள்ள கொண்டு வர 1 நிமிஷம். கை கால் நம்ம சொல்பேச்சு கேக்கறது சுமார் 10 நிமிஷம். உடம்பு குளிர்ந்து நினைவு தப்பறதுக்கு ஏறக்குறைய 1 மணி நேரம். டைட்டானிக் படத்துல பார்த்தோமே, 1912 ஏப்ரல்ல அந்தக் கடல் தண்ணி பூஜ்யம் டிகிரிக்கும் கீழ. லைஃப் ஜாக்கெட் போட்டு மிதந்தவங்களையே குளிர் கொண்டு போயிடுச்சு.

இப்ப மே முதல் வாரத்து ஒன்டாரியோ ஏரிக்கு வருவோம். வெயில் அடிக்கும், காத்து 20 டிகிரி கூட தொடும், பார்க்கறவங்களுக்கு டி-ஷர்ட் போதும்னு தோணும். தண்ணி மட்டும் குளிர்காலத்தை இன்னும் மறக்காம ஒற்றை இலக்க டிகிரியில கிடக்கும். அதனாலதான் கயாக் சொல்லித் தர்றவங்க, காத்தோட சூட்டைப் பார்க்காம தண்ணியோட சூட்டைப் பார்த்து டிரெஸ் பண்ணச் சொல்றாங்க.

அந்தத் தண்ணியில என்னோட 350 ரூபாய் பேன்ட் என்ன பண்ணும்? கணுக்கால் திறந்திருக்கு, இடுப்புல வெறும் எலாஸ்டிக். ரெண்டு பக்கமும் தண்ணி புகுந்து, ரெண்டு காலும் பலூன் மாதிரி நிறையும். தண்ணிக்குள்ள அது கீழ இழுக்காது. ஆனா படகு மேல ஏறணும்னு உடம்பைத் தூக்கறப்ப, அத்தனை தண்ணியையும் சேர்த்துத் தூக்கணும். அதுவும் கை மரத்துப் போன நேரத்துல.

நாலு வகை, நாலு விலை

பையன் அனுப்பின லிஸ்ட்ல இருந்ததை அப்படியே ரூபாயில மாத்திப் போடறேன்.

1. சாதாரண மழை பேன்ட் (50 டாலர், சுமார் 3,000 ரூபாய்). மழை, சாரல், காத்து இதுக்கெல்லாம் போதும். விழுந்தா உதவாது. நம்ம ஊரு பிவிசி பேன்ட்டை அங்க அனுப்பறதுல இன்னொரு சிக்கல், குளிர்ல பிவிசி விறைச்சு, மடிப்புல வெடிச்சுடும்.

2. வெட்சூட் (150 டாலர், சுமார் 9,000 ரூபாய்). நியோப்ரீன்ங்கற ரப்பர் ஸ்பாஞ்சு உடை. பேர்லயே இருக்கற மாதிரி உள்ள ஈரம் ஆகும். ஆனா தோலுக்கும் உடைக்கும் நடுவுல மாட்டின அந்தக் கொஞ்சத் தண்ணியை உடம்பே சூடாக்கி வெச்சுக்கும். உடம்போட ஒட்டி இருந்தாத்தான் வேலை செய்யும். லொடலொடன்னு இருந்தா தண்ணி உள்ள வந்து போய்க்கிட்டே இருக்கும்.

3. டிரை பேன்ட் (450 டாலர், 27,000 ரூபாய்). இதைத்தான் பையன் கேட்டான். சவ்வு ஒட்டின துணி, தையல் முழுக்க டேப், காலுறையும் சேர்ந்தே வரும், இடுப்புல நியோப்ரீன் பட்டை. துடுப்புத் தண்ணிக்கும், முட்டி வரைக்கும் தண்ணியில இறங்கறதுக்கும் அருமையான பேன்ட். ஆனா முழுசா முங்கினா இடுப்பு வழியா தண்ணி கசியும், நெஞ்சுக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. பேன்ட்டுக்கு உள்ள குளிருக்கும் தனியா உடுப்பு போடணும்.

4. டிரை சூட் (1,000 டாலருக்கு மேல, 60,000 ரூபாய்க்கு மேல). கழுத்து, மணிக்கட்டுல ரப்பர் பட்டை வெச்ச முழு உடை. தண்ணி 10 டிகிரிக்குக் கீழ இருந்தா இதைத்தான் போடச் சொல்றாங்க.

மூணாவதைக் கவனிச்சீங்களா? 27,000 ரூபாய் கொடுத்தாலும் பையனுக்கு வேண்டிய பாதுகாப்பு அதுல கிடைக்காது. நான் அனுப்ப நினைச்சது விலை குறைஞ்ச தப்பு, அவன் வாங்க நினைச்சது விலை கூடின தப்பு.

சரி, கணக்குக்கு வருவோம்

அந்த 27,000 ரூபாய் லோன் பணம். அவனுக்கு வட்டி 11%. படிப்பு முடிஞ்சு கட்ட ஆரம்பிக்க 3 வருஷம் ஆகும்னா, சாதா வட்டி போட்டாலே 8,910 ரூபாய். ஆக பேன்ட் விலை 35,910 ரூபாய். லோன்ல படிக்கிற பிள்ளைகள் எதை வாங்கினாலும், விலைச்சீட்டுல மூணுல ஒரு பங்கைக் கூட்டிப் பாருங்கன்னு சொல்றது இதுக்குத்தான்.

அவனைக் கூப்பிட்டு ரெண்டு கேள்வி கேட்டேன். "வருஷத்துக்கு எத்தனை தடவை போவ சாமி?" "நாலு தடவைங்க மாமா, அதுக்கு மேல லீவு கிடைக்காது." "அதே மே மாசம்தான் போகணுமா?" கொஞ்ச நேரம் யோசிச்சான். "அப்படி ஒண்ணும் இல்லீங்."

முடிவு இங்க கிடைச்சுடுச்சு. பத்து பைசா செலவில்லாத பாதுகாப்பு காலண்டர்தான். ஜூன் கடைசிக்கு மேல ஏரி கொஞ்சம் இளகும். டிரை சூட் வேணுங்கற நிலைமை மாறி, வெட்சூட்ல சமாளிக்கலாம்னு வரும். அப்பவும் காத்து திசை மாறினா ஆழத்துல இருக்கற ஜில் தண்ணி மேல வந்துடும். அதனால அன்னன்னைக்குத் தண்ணி எத்தனை டிகிரின்னு பார்த்துட்டுத்தான் இறங்கணும்.

வெட்சூட்டும் வாங்க வேண்டியதில்லை. கயாக் வாடகைக்குத் தர்ற இடத்துலயே 25 டாலருக்கு ஒரு நாள் வாடகை. நாலு தடவைக்கு 100 டாலர், 6,000 ரூபாய். வாங்கினா 9,000. 150-ஐ 25-ஆல வகுத்தா 6. ஆறு தடவைக்கு மேல போறவங்க வாங்கலாம், அதுக்குக் கீழ வாடகைதான் லாபம். பாதி விலைக்கு மறுபடி விக்க முடியும்னா மட்டும் அந்த ஆறு மூணாக் குறையும்.

சாதா மழை பேன்ட் ஒண்ணு 3,000 ரூபாய்க்கு அவனை அங்கயே வாங்கச் சொன்னேன். ஈர வெட்சூட் மேல காத்து பட்டா நடுங்கும். அதுக்கு மேல இதைப் போட்டா காத்தைத் தடுக்கும். மழையில பஸ் ஸ்டாப்புக்கு நடக்கறதுக்கும் அதே பேன்ட்தான். நாலு நாளைக்கு மட்டும் இல்லாம வருஷம் முழுக்க உழைக்கும்.

பனியன் ஊருக்காரன் அனுப்பினது என்ன?

இதைச் சொல்ல எனக்கே கொஞ்சம் சங்கடம்தான். நம்மளை வாழ வெச்ச காட்டன், குளிர்ல தண்ணிப் பக்கம் போறவனுக்கு ஆகவே ஆகாது. ஈரத்தைக் குடிச்சு வெச்சுக்கும், சீக்கிரம் காயாது, உடம்போட ஒட்டிக்கிட்டு சூட்டை இழுத்துக்கிட்டே இருக்கும். ஜீன்ஸ் அதை விட மோசம்.

வேணுங்கறது பாலியெஸ்டர். அதுக்கு நம்ம காதர்பேட்டையே போதும். எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்ல ரெண்டு முழுக்கை பாலியெஸ்டர் டி-ஷர்ட், ஒரு பாலியெஸ்டர் லெக்கிங், கரைக்கு வந்ததும் மாத்திக்க ஒரு ஃபிளீஸ், எல்லாம் சேர்த்து 900 ரூபாய். கூரியர்ல போட்டா அதுவே துணி விலையை விடப் பல மடங்கு ஆகும். லீவுக்கு ஊருக்கு வந்திருந்த ஒரு பையன்கிட்டக் கொடுத்து அனுப்பினேன். லேபிள்ல நூத்துக்கு நூறு பாலியெஸ்டர்னு இருக்கான்னு பார்த்துத்தான் வாங்கினேன். தொட்டுப் பார்த்தா காட்டன் கலப்பும் அப்படியேதான் இருக்கும்.

மொத்தம்: வாடகை 6,000 + மழை பேன்ட் 3,000 + உள்ளே போட 900 = 9,900 ரூபாய். 27,000 ரூபாய் பேன்ட்டை விட 17,100 குறைவு. பாதுகாப்போ அதிகம்.

பைக்ல போற நமக்கு என்ன?

நம்மள்ல முக்கால்வாசிப் பேர் கயாக் ஓட்டப் போறதில்லை. ஆனா மழை பேன்ட் வாங்குவோம். கடையில இதைப் பாருங்க:

- உள்பக்கம் திருப்புங்க. தையல் மேல பட்டை ஒட்டியிருக்கா? குறிப்பா தொடை இடுக்குல நாலு தையல் கூடற இடம். பட்டை இல்லாத பேன்ட்டுக்கு எவ்வளவு கம்மி விலை சொன்னாலும் வேண்டாம்.
- உட்கார்ந்து பாருங்க. நின்னுக்கிட்டு அளவு பார்த்தா எல்லாம் சரியா இருக்கும். உட்கார்ந்தா பின்னாடி இடுப்பு இறங்குதா, கணுக்கால் மேல ஏறுதா?
- மி.மீ. கேளுங்க. சீட்டுல உட்கார்ந்து போறதுக்கு 10,000 பக்கம் இருந்தா நல்லது. எண்ணே போடலைன்னா, வாட்டர் ரெசிஸ்டன்ட்னு எழுதியிருக்கறதை நம்பாதீங்க. அது சாரலுக்குத் தாங்கும், அவ்வளவுதான்.
- வீட்டுல சோதிங்க. அகலமான டப்புல நாலு விரல் தண்ணி ஊத்தி, பேன்ட் போட்டுக்கிட்டு 5 நிமிஷம் உட்காருங்க. பின் பாக்கெட்ல டிஷ்யூ பேப்பர் வெச்சா ஒழுகற இடம் தெரிஞ்சுடும். பில் கைல இருக்கறப்பவே இதைச் செய்யுங்க.
- ஈரத்தோட மடிச்சு வைக்காதீங்க. பியூ கோட்டிங் புழுக்கத்துல பிசுபிசுன்னு ஆகி உரிஞ்சுடும். நிழல்ல தொங்க விடுங்க. அயர்ன் வேண்டாம், துணியை மிருதுவாக்கற லிக்விடும் வேண்டாம்.

வருஷத்துக்கு ஒண்ணுன்னு நாலு வருஷம் 350 ரூபாய் பேன்ட் வாங்கினவன் நான். 1,400 ரூபாய் ஆச்சு, நாலு வருஷமும் நனைஞ்சேன். டேப் ஒட்டின பேன்ட் ஒண்ணு அதே காசுக்கு வந்திருக்கும். ஆனாலும் இதுல நான் இழந்தது காசும் கொஞ்சம் மானமும்தான். ஈர பேன்ட்டோட ஆபீஸ் போனா யாரும் சாகறதில்லை.

எதை வாங்கறதுக்கு முன்னாடியும் "இது கைவிட்டா என்ன ஆகும்?"னு கேட்டுக்கங்க. நனைவேன், அவ்வளவுதான்னு பதில் வந்தா தாராளமா கம்மி விலையில வாங்குங்க, தள்ளுபடி கேளுங்க, சர்ப்ளஸ்ல தேடுங்க. உயிருக்கு ஆபத்துன்னு பதில் வந்தா, விலை பேசறதை விட்டுட்டு வாடகை, தேதி, அளவு இதுல மிச்சம் பிடிங்க. ஹெல்மெட், பைக் டயர், கேஸ் டியூப் எல்லாத்துக்கும் இதே கேள்வி பொருந்தும்.

ஜூன் கடைசி சனிக்கிழமை, நம்ம நேரத்துக்கு நடுராத்திரி, பையன்கிட்ட இருந்து மறுபடி ஒரு வாய்ஸ் மெசேஜ். சொல்லித் தர்றவரு முதல்லயே கரை ஓரமா இடுப்பளவு தண்ணியில எல்லாரையும் வேணும்னே கவுந்து பார்க்கச் சொன்னாராம். லைஃப் ஜாக்கெட் பக்கிள் போட்டு, வெட்சூட் போட்டு, ரெடியா நின்னுதான் கவுந்திருக்கான்.

"அப்பவும் ஒரு அரை நிமிஷம் மூச்சே வரல மாமா. மே மாசம் அந்த பேன்ட்டோட போயிருந்தா..."ன்னு நிறுத்திட்டான்.

அந்த 350 ரூபாய் பேன்ட் இப்ப என் பைக் பெட்டிக்குள்ள இருக்கு. ஐப்பசி மழைக்கு எனக்கு அது போதும்.